பாசிர் ரிஸ்ஸிலிருந்து மண்டாய்க்கு ஒரு குளிர் நாள்

சிங்கப்பூரில் குளிரா என்று சிரிக்காதீர்கள், வாசகர்களே! நுவரெலியாவிலும் கேமரன் மலையிலும் இருந்து இதைப் படிக்கிறவர்கள் சிரிக்கத்தான் செய்வீர்கள். விடியற்காலையில் கம்பளியைச் சுற்றிக்கொண்டு கொழுந்துக்குப் போகிறவர்களுக்கு எங்கள் 22 டிகிரி ஒரு குளிராகவே தோன்றாது. ஆனால் வருஷம் முழுவதும் வியர்வையில் குளிக்கிற எங்களுக்கு, ஜனவரியில் இரண்டு மூன்று நாள் மழை விடாமல் பெய்து காற்றும் சேர்ந்துகொண்டால் போதும். பெட்டிக்கு அடியில் பூச்சி உருண்டையோடு கிடக்கும் சுவெட்டர் வெளியே வந்துவிடும். சீனாவின் வடக்கே இருந்து கிளம்பும் குளிர்காற்று தென்சீனக் கடலைக் கடந்து, வழியெல்லாம் ஈரத்தை அள்ளிக்கொண்டு வந்து நம் தலையில் கொட்டுகிறது. 1934ஆம் ஆண்டு ஜனவரியில் இங்கே 19.4 டிகிரி வரை இறங்கியதாகப் பதிவு இருக்கிறது. அன்றைக்குக் கட்டிட வேலைக்கும் துறைமுக வேலைக்கும் போன நம்மவர்கள் எதைப் போர்த்திக்கொண்டு போனார்களோ!

அப்படிப்பட்ட ஒரு ஜனவரி நாளில்தான், இரண்டு வயதுக் குழந்தையையும் தூக்கிக்கொண்டு நாங்கள் மிருகக்காட்சிசாலைக்குப் போனோம். இது புத்திசாலித்தனமான காரியமா என்று கேட்டால், இல்லை. ஆனாலும் போனோம். ஏன் என்று சொல்கிறேன்.

என் தம்பி ஜொகூரில் ஒரு செம்பனைத் தோட்டத்தில் குலை வெட்டுகிறான். எங்கள் அப்பா அதே தோட்டத்தில் பால் மரம் வெட்டியவர். பிறகு ரப்பரை அழித்துச் செம்பனை போட்டார்கள்; உளி போய் நீண்ட கம்பில் கட்டிய அரிவாள் வந்தது. நான் கல்யாணமாகிச் சிங்கப்பூருக்கு வந்துவிட்டேன். தம்பி அங்கேயே இருந்துவிட்டான். இப்போது தெரிந்தவர் ஒருவர் மூலம் சிங்கப்பூரில் ஒரு தொழிற்சாலையில் அவனுக்கு வேலை வந்திருக்கிறது. சம்பளம் நல்ல சம்பளம். ஜொகூர் பாருவில் வாடகைக்கு வீடு பிடித்து, தினமும் பாலத்தைக் கடந்து வேலைக்கு வர வேண்டும். விடியற்காலை நான்கு மணிக்கு மோட்டார் சைக்கிளை எடுத்தால் இரவு ஒன்பது மணிக்குத்தான் வீடு. ஆயிரக்கணக்கான பேர் அப்படித்தான் போய் வருகிறார்கள். "வா தம்பி, இங்கே வந்து பார், பிறகு முடிவு சொல்" என்று நான்தான் அழைத்தேன். உண்மையைச் சொன்னால், அவனை எப்படியாவது சம்மதிக்க வைக்க வேண்டும் என்பதே என் எண்ணம். ஊரைச் சுற்றிக் காட்டினால் மனம் மாறுவான் என்று கணக்குப் போட்டேன்.

அவனும், அவன் மனைவியும், குழந்தையும் சனிக்கிழமை மாலை பாசிர் ரிஸ்ஸில் வந்து இறங்கினார்கள். மழையும் அவர்களோடு வந்து இறங்கியது.

பாசிர் ரிஸ் பற்றி இரண்டு வார்த்தை. தீவின் கிழக்கு ஓரத்தில், கடலைப் பார்த்த ஊர். பாசிர் என்றால் மணல் என்று உங்களுக்கே தெரியும். ஒரு காலத்தில் கம்பங்களும், பணக்காரர்களின் கடற்கரை பங்களாக்களும் இருந்த இடம். 1980களில்தான் அடுக்குமாடி வீடுகள் எழுந்தன. 1989 டிசம்பரில் ரயில் வந்தது; இன்றைக்கும் கிழக்கு மேற்கு ரயில்பாதை எங்கள் ஊரில்தான் முடிகிறது. பள்ளி விடுமுறை என்றால் இங்கே உள்ள கடற்கரை விடுதிகளில் குடும்பம் குடும்பமாகத் தங்கி, கோழி சுட்டுச் சாப்பிட்டு, விடிய விடியப் பாட்டுப் போடாத தமிழர்கள் சிங்கப்பூரில் குறைவு. லோயாங் பக்கம் ஒரு சீனக் கோயில் இருக்கிறது. உள்ளே போனால் துவா பெக் கோங்கும் இருப்பார், நம் பிள்ளையாரும் இருப்பார். வெள்ளிக்கிழமை நான் அங்கே போவதுண்டு. யார் எந்தச் சாமியைக் கும்பிடுகிறார்கள் என்று அங்கே யாரும் கேட்பதில்லை.

மிருகக்காட்சிசாலை என்றவுடன் எங்கள் பகுதி ஆட்களுக்கு இன்னொரு கதையும் நினைவுக்கு வர வேண்டும். ஆனால் அநேகம் பேருக்குத் தெரியாது. பாசிர் ரிஸ்ஸுக்கு அடுத்த ஊர் பொங்கோல். அங்கே கடலோரத்தில் 1928ஆம் ஆண்டு ஒரு மிருகக்காட்சிசாலை திறந்தவர் ஓர் இந்தியர். பெயர் பசப்பா. செல்வந்தர், நிலபுலன் உள்ளவர். முதலில் சிராங்கூன் ரோட்டு வீட்டிலேயே மிருகங்களை வைத்திருந்தாராம். நம் தேக்காவுக்குப் போகிற அதே சிராங்கூன் ரோடுதான்! பிறகு இடம் போதாமல் பொங்கோலுக்குக் கொண்டுபோனார். அப்பாய் என்று ஒரு வங்கப்புலி அவரோடு நாய்க்குட்டி போல நடந்து வருமாம். 1942இல் ஜப்பான்காரன் நெருங்கி வந்தபோது, அந்த இடம் பிரிட்டிஷ் ராணுவத்துக்குத் தேவைப்பட்டது. ஒரே நாளில் காலி செய் என்றார்கள். நூற்றுக்கணக்கான மிருகங்களையும் பறவைகளையும் ஒரே நாளில் எங்கே கொண்டுபோவது? ஆபத்தான மிருகங்களைச் சுட்டுக் கொன்றார்கள். மற்றவற்றைத் திறந்து விட்டார்கள். அடுத்த வருஷமே பசப்பாவும் இறந்துபோனார். இன்றைக்குப் பொங்கோல் கடற்கரையில் நின்று பார்த்தால் நண்டுக் கடையும் சைக்கிள் பாதையும்தான் தெரிகின்றன.

நிற்க. நம் பயணத்துக்கு வருவோம்.

ஞாயிற்றுக்கிழமை காலை ஏழு மணிக்கு ஜன்னலைத் திறந்தால் ஒரே சாம்பல் நிறம். என் வீட்டுக்காரர், "இந்த மழையில் போக வேண்டுமா?" என்று கேட்டுவிட்டுப் பதிலுக்குக் காத்திராமல் திரும்பிப் படுத்துக்கொண்டார். குழந்தைக்கு ஏற்கெனவே இளைப்புத் தொந்தரவு உண்டு. தம்பி மனைவிக்கு அதுதான் பயம். "அண்ணி, இவளுக்கு நெஞ்சிலே சளி கட்டினா அப்புறம் ஒரு வாரம் தூக்கம் இல்லே" என்றாள். ஆனால் தம்பிக்கு லீவு அந்த ஒரு நாள்தான். திங்கட்கிழமை பெரட்டில் பெயர் கொடுக்க வேண்டும். பல்கலைக்கழகத்தில் படிக்கும் என் மகளோ, "மழை நாளில்தான் கூட்டம் இருக்காது, அம்மா" என்றாள். ஆக, போவதென்று முடிவாயிற்று.

சகோதரிகளே, சின்னக் குழந்தையோடு போகிறவர்களுக்கு என் அனுபவத்தில் சொல்கிறேன்: இரண்டு மாற்றுடை போதாது, மூன்று எடுங்கள். காலுறை நான்கு ஜோடி எடுங்கள். நாங்கள் எடுத்தது ஒரு ஜோடி. அதன் பலனைப் பின்னால் சொல்கிறேன். பிளாஸ்கில் வெந்நீர், பால் போத்தல், ஒரு சால்வை, கோடாலித் தைலம். புளிச்சோறும் அவித்த முட்டையும் கட்டிக்கொண்டேன். மூன்று வயதுக்குக் கீழே குழந்தைக்கு நுழைவுச்சீட்டு வேண்டாம் என்பதில் ஒரு சந்தோஷம். பெரியவர்கள் சீட்டுத்தான் பையைக் கரைக்கிறது. தோட்டத்துச் சம்பளத்தில் கணக்குப் பார்த்தால் நெஞ்சு அடைக்கும். அன்றைக்குச் செலவு அக்காவுடையது என்பதால் தம்பி வாய் திறக்கவில்லை. ஆனால் சீட்டில் போட்டிருந்த விலையை மலேசிய வெள்ளிக்கு மாற்றி உதட்டுக்குள் முணுமுணுத்ததைப் பார்த்தேன்.

பாசிர் ரிஸ்ஸிலிருந்து ரயில் ஏறி, பாய லேபாரில் மாறி, பீஷானில் மறுபடி மாறி, காதிப் நிலையத்தில் இறங்கினால், அங்கிருந்து மண்டாய்க்குத் தனி பஸ் இருக்கிறது. ஒன்றரை மணி நேரம் ஆகும். ஜொகூரிலிருந்து நேரே வருகிறவர்களுக்கு இந்தச் சுற்று வேண்டாம். உட்லண்ட்ஸில் ரயில் ஏறினால் காதிப் ஐந்தாவது நிலையம்தான். எங்களைப்போலத் தீவின் கிழக்கு மூலையில் இருந்து வடக்கு மூலைக்குப் போகிறவர்கள்தான் பாவம் செய்தவர்கள். ரயிலில் குளிர்சாதனம் வேறு. வெளியே மழைக்குளிர், உள்ளே இயந்திரக் குளிர். குழந்தை சால்வைக்குள் முகத்தைப் புதைத்துக்கொண்டு, ஒற்றைக் கண்ணால் எதிரே உட்கார்ந்திருந்த சீனத் தாத்தாவைப் பார்த்துக்கொண்டே வந்தாள். அவர் கண்ணைச் சிமிட்டினார். இவளும் சிமிட்டப் பார்த்தாள். இரண்டு கண்ணும் சேர்ந்து மூடிக்கொண்டன.

இந்த மிருகக்காட்சிசாலை திறந்தது 1973ஆம் ஆண்டு ஜூன் 27ஆம் தேதி. அப்போது பொதுப் பயனீட்டுக் கழகத்தின் தலைவராக இருந்த ஓங் சுவீ லா என்பவரின் யோசனை அது. நீர்த்தேக்கத்தைச் சுற்றியிருந்த காட்டில் ஒரு பகுதியை மக்கள் வந்து பொழுதுபோக்கும் இடமாக ஆக்கலாமே என்று நினைத்தார். அதற்கு வழிகாட்ட வந்தவர் இலங்கைக்காரர். தெஹிவளை மிருகக்காட்சிசாலையின் இயக்குநராக இருந்த லின் டி அல்விஸ். கூண்டும் கம்பியும் வேண்டாம். அகழியும், தண்ணீரும், செடிகொடியும் வைத்து மிருகத்தையும் மனிதரையும் பிரிக்கலாம் என்ற முறை இங்கே வந்தது. கொழும்புக்குப் போனபோது தெஹிவளை பார்த்த மலைநாட்டு வாசகர்கள், மண்டாய்க்கு வந்தால் கொஞ்சம் உரிமையோடே நடக்கலாம்!

கம்பி இல்லாத இடம் என்றால் மிருகம் சும்மா இருக்குமா? திறப்பதற்கு முன்பே ஒரு கருஞ்சிறுத்தை தப்பிப் போய், ஏறக்குறைய ஒரு வருஷம் ஊரையே கலங்கடித்தது. 1974இல் கொங்கோ என்ற நீர்யானை நீர்த்தேக்கத்தில் இறங்கி, ஒன்றரை மாதத்துக்கு மேல் பிடிபடாமல் நீந்திக்கொண்டிருந்தது. ஊருக்குக் குடிதண்ணீர் கொடுக்கிற நீர்த்தேக்கத்தில் நீர்யானை! அந்தக் காலத்து ஆட்களைக் கேளுங்கள், இன்றும் சிரித்துச் சிரித்துச் சொல்வார்கள்.

உள்ளே நுழைந்ததும் தூறல் நின்றது. கூட்டமே இல்லை. நாங்கள் ஆவலோடு குழந்தையிடம், "பாரு கண்ணு, ஒட்டகச்சிவிங்கி!" என்றோம். அவள் கீழே குனிந்து தரையில் ஊர்ந்த மரவட்டையைப் பார்த்தாள். "பாரு, வரிக்குதிரை!" என்றோம். அவள் குப்பைத்தொட்டியின் மேல் உட்கார்ந்திருந்த மைனாவைப் பார்த்தாள். ஒரு காட்டுக்கோழி பாதையில் குறுக்கே ஓடியது. அவ்வளவுதான், "கோயி! கோயி!" என்று ஒரே ஆரவாரம். இத்தனை வெள்ளி கொடுத்து உள்ளே வந்து, தோட்டத்து லயத்துக்குப் பின்னால் மேய்கிற கோழியைக் காட்டிவிட்டுப் போகிறோமே என்று எனக்கு வயிற்றெரிச்சல். தம்பிக்குச் சிரிப்பு தாங்கவில்லை.

யானைகளின் இடத்துக்கு வந்தோம். ஆசிய யானைகள், நம் கோயில் யானை ஜாதிதான். மழையில் நனைந்து கருகருவென்று பளபளத்தன. என் மகள் படம் பிடிக்க முன்னே ஓடினாள். தம்பியோ பின்வாங்கி நின்றான். அவனுக்கு யானை என்றால் வேறு அர்த்தம். ஜொகூரில் குளுவாங், கோத்தா திங்கி பக்கமெல்லாம் இன்றைக்கும் காட்டு யானைகள் தோட்டத்துக்குள் வருகின்றன. இளம் செம்பனையின் குருத்தைப் பிடுங்கித் தின்றுவிட்டுப் போகும். "போன வருஷம் ராத்திரி மூணு மணிக்கு லயத்துக்குப் பின்னாலே நின்னுச்சு, அக்கா. நாங்க தகரத்தைத் தட்டிக்கிட்டு வெளியே வரோம், இவ உள்ளே பிள்ளையைக் கட்டிப் பிடிச்சுக்கிட்டு உட்கார்ந்திருக்கா. நீங்க என்னடான்னா காசு கொடுத்துப் பார்க்கிறீங்க" என்றான். சொல்லிவிட்டு அவனே கொஞ்சம் முன்னே வந்தான். யானை தும்பிக்கையால் ஒரு கொப்பை எடுத்து, முழங்காலில் தட்டி மண்ணை உதறிவிட்டு வாயில் வைத்தது. "பாருங்க, சுத்தமாத்தான் சாப்பிடுது" என்றான். அதற்குப் பிறகு அங்கிருந்து அவனைக் கிளப்பக் கால் மணி நேரம் ஆயிற்று.

இனி ஓராங் ஊத்தான். இந்த இடத்தைப் பற்றிக் கொஞ்சம் அதிகமாகவே எழுதப் போகிறேன்.

சிங்கப்பூரில் ஒரு குரங்குக்கு இருந்த புகழ் பல சினிமா நடிகர்களுக்கு இருந்ததில்லை. அதன் பெயர் ஆ மெங். சுமத்ராவைச் சேர்ந்த பெண் ஓராங் ஊத்தான். ஒரு குடும்பம் சட்டவிரோதமாக வீட்டில் வளர்த்து வந்தது. 1971இல் அதை மீட்டு இங்கே கொண்டுவந்தார்கள். 1980களில் அதனோடு உட்கார்ந்து காலை உணவு சாப்பிடுவதற்காகவே வெளிநாட்டிலிருந்து ஆட்கள் வந்தார்கள். 1992இல் சுற்றுலாத் துறை அதற்குச் சிறப்புத் தூதர் என்று விருதே கொடுத்தது! இதில் நம் வாசகர்கள் பெருமைப்பட ஒரு செய்தி: பல்லாண்டு காலம் அதைப் பராமரித்தவர் ஒரு தமிழர், அழகப்பசாமி செல்லையா. அவர் சொன்னால் ஆ மெங் கேட்கும். பெண்கள் யாராவது அவர் பக்கத்தில் நெருங்கி நின்றால் அதற்குப் பொறாமை வந்துவிடும் என்று பத்திரிகைகள் வேடிக்கையாக எழுதும். 2008 பிப்ரவரியில் ஆ மெங் இறந்தபோது, அஞ்சலி செலுத்த நான்காயிரம் பேருக்கு மேல் வந்தார்கள். இப்போது வெண்கலச் சிலையாக உட்கார்ந்திருக்கிறது.

நாங்கள் போன நேரம், உயரே கயிற்றுப் பாதையில் ஒரு தாய் குட்டியை மார்போடு அணைத்துக்கொண்டு, பெரிய இலை ஒன்றைத் தலைக்கு மேல் குடை போலப் பிடித்துக்கொண்டிருந்தது. மறுபடி தூறல் போட ஆரம்பித்திருந்தது. அதைப் பார்த்ததும் தம்பி மனைவி சால்வையை இழுத்துக் குழந்தையின் தலையை மூடினாள். மேலே ஒரு தாய், கீழே ஒரு தாய். இரண்டு பேரும் ஒரே காரியம் செய்தார்கள்.

என் மகள் இதெல்லாம் படித்தவள். "ஓராங் ஊத்தான் குட்டி ஏழு எட்டு வருஷம் அம்மா கூடவே இருக்கும், மாமி. எந்தப் பழம் எப்போது பழுக்கும், எங்கே கூடு கட்டணும் எல்லாம் அம்மாதான் சொல்லிக் கொடுக்கும்" என்றாள்.

"அப்ப ஆம்பளை?" என்று கேட்டாள் தம்பி மனைவி.

"ஆண் தனியாகப் போய்விடும். குட்டியைக் கவனிக்காது."

தம்பி மனைவி ஒன்றும் சொல்லவில்லை. தம்பியைத் திரும்பிப் பார்த்தாள், அவ்வளவுதான். நாலு மணிக்குக் கிளம்பி ஒன்பது மணிக்குத் திரும்பும் கணக்கு அவர்களுக்குள் எத்தனை இரவு பேசப்பட்டதோ! தம்பி காலணிக் கயிற்றைக் கட்டுவது போலக் குனிந்துகொண்டான். அவன் போட்டிருந்தது செருப்பு.

பேச்சை மாற்றுவதாக நினைத்து என் மகள் இன்னொன்று சொன்னாள். "இதுங்க வாழற காடு சுமத்ராவிலும் போர்னியோவிலும்தான் இருக்கு. அந்தக் காட்டை வெட்டிச் செம்பனை போட்டதாலேதான் இதுங்க குறைஞ்சு போச்சு. பிஸ்கட், சோப்பு எல்லாத்திலேயும் பாமாயில். நான் இப்ப பார்த்துத்தான் வாங்குறேன்."

அவள் நல்ல மனதோடு சொன்னதுதான். ஆனால் எதிரே நிற்கிற மாமன் யார் என்பதை ஒரு நிமிஷம் மறந்துவிட்டாள். எனக்கு முகம் சிவந்துவிட்டது. 20, 25 கிலோ எடையுள்ள குலையை அண்ணாந்து வெட்டித் தள்ளி, கழுத்து எலும்பு தேய்ந்துபோனவன் அவன். அந்தச் சம்பளத்தில்தான் எங்கள் அம்மாவைக் கடைசிவரை பார்த்துக்கொண்டான்.

தம்பி கோபப்படவில்லை. மேலே பார்த்துக்கொண்டே கேட்டான்: "நாங்க இருக்கிற இடம் முன்னே காடாத்தானே இருந்திருக்கும்? தாத்தா காலத்திலே காட்டை வெட்டினதும் நம்ம ஆளுங்கதானே? வெட்டச் சொன்னவன் யாரு, வெட்டினவன் யாரு?"

வாசகர்களே, அந்தக் கேள்விக்கு எங்களில் யாரிடமும் சுருக்கமான பதில் இல்லை. செம்பனை இந்த மண்ணின் மரமே அல்ல. மேற்கு ஆப்பிரிக்காவிலிருந்து வந்தது. மலாயாவில் முதல் வியாபாரத் தோட்டம் 1917இல் சிலாங்கூரில் தென்னமரம் என்ற இடத்தில் ஒரு பிரெஞ்சுக்காரர் போட்டது. இன்றைக்கு உலகத்துப் பாமாயிலில் நூற்றுக்கு எண்பது பங்குக்கு மேல் இந்தோனேசியாவும் மலேசியாவும் கொடுக்கின்றன. அதை வேண்டாம் என்று ஒதுக்கி, அதே அளவு எண்ணெயைச் சோயாவிலிருந்து எடுப்பதென்றால் இன்னும் பல மடங்கு நிலம் வேண்டும். அப்போது வேறு எங்கோ ஒரு காடு போகும். ஆகையால்தான் புதிதாகக் காட்டை அழிக்காமல், வேலையாட்களையும் ஒழுங்காக நடத்தி எடுத்த எண்ணெய்க்குச் சான்று கொடுக்கும் ஏற்பாடு ஒன்று இருக்கிறது. அது எவ்வளவு தூரம் நடக்கிறது என்பதில் சண்டை உண்டு. இதையெல்லாம் என் மகள் மெதுவாக மாமனிடம் சொன்னாள். கன்னம் சிவந்து, "சாரி மாமா" என்றும் சொன்னாள். "நீ ஏன்டா சாரி சொல்றே? படிச்ச பிள்ளை சொல்லத்தானே வேணும்" என்றான் அவன். ஆனால் அந்த இடத்தைவிட்டு நகர அவனுக்கு மனமில்லை. இலையைக் குடையாகப் பிடித்த அந்தத் தாயையே பார்த்துக்கொண்டிருந்தான்.

நாங்கள் இப்படிப் பேசிக்கொண்டிருந்த அந்த ஐந்து நிமிஷத்தில் எங்கள் மகாராணி தள்ளுவண்டியிலிருந்து இறங்கி, பாதையோரத்தில் தேங்கிய தண்ணீரில் சம்மணம் போட்டு உட்கார்ந்துவிட்டாள்!

தூக்கினால் இடுப்புக்குக் கீழே சொட்டச் சொட்ட ஈரம். அதே நேரத்தில் மழையும் பிடித்துக்கொண்டது, சாய்ந்த மழை, காற்றோடு. ஓடிப்போய் ஒரு கூரைக்கு அடியில் நின்றோம். உடையை மாற்றினோம், காலுறைதான் வேறு இல்லை. குழந்தை நடுங்கினாள். உதடு வெளுத்துவிட்டது. பிறகு அந்தச் சத்தம் வந்தது. நெஞ்சில் கீச்சென்று ஒரு விசில். தம்பி மனைவியின் முகத்தை என்னால் பார்க்க முடியவில்லை. பிடிவாதமாக அழைத்து வந்தவள் நான் அல்லவா?

தம்பி ஒரு வார்த்தை பேசவில்லை. ஈரமான ஜாக்கெட்டைக் கழற்றி எறிந்தான். சட்டைப் பொத்தானை அவிழ்த்து, குழந்தையை வெற்று மார்போடு சேர்த்து வைத்துச் சட்டையை மூடினான். சால்வையை வெளியே சுற்றினோம். நான் பிளாஸ்க் தண்ணீரில் பால் கலக்கினேன். கை நடுங்கியதில் பாதி மாவு தரையில். பக்கத்தில் பேரனோடு நின்ற ஒரு மலாய் அம்மா, "கெசியான்!" என்று சொல்லிக்கொண்டே தன் பையைத் துழாவி, ஒரு ஜோடி காலுறையும் சிறு துண்டும் எடுத்துக் கொடுத்தார். வேண்டாம் என்றோம், அதட்டி மாட்டிவிட்டார். காலுறை நீல நிறம், பாதத்துக்கு இரண்டு மடங்கு பெரிது. தம்பி மனைவி குழந்தையின் மருந்தை எடுத்துக் கொடுத்து, முதுகில் தைலம் தேய்த்தாள். கால் மணி நேரம் போயிருக்கும். அரை மணி நேரம் போல இருந்தது. விசில் சத்தம் குறைந்தது. பிறகு சட்டைக்குள்ளிருந்து ஒரு குரல்: "கோயி?"

கோழியும் மழைக்கு ஒதுங்கி எங்கள் காலடியில்தான் நின்றுகொண்டிருந்தது.

அந்தக் கூரைக்கு அடியில் உட்கார்ந்தே புளிச்சோற்றைச் சாப்பிட்டோம். இங்கே சுற்றும் நீளவால் குரங்குகள் பிளாஸ்டிக் பையைக் கண்டால் பாய்ந்து பிடுங்கும் என்பதால் பொட்டலத்தைப் புடவைத் தலைப்புக்குள் மறைத்து வைத்துப் பிரித்தேன். மலாய் அம்மாவுக்கும் ஒரு முட்டை கொடுத்தோம்.

சாப்பிடும்போதுதான் எனக்குப் பனிக்கரடி ஞாபகம் வந்தது. என் மகள் நடை பழகிய காலத்தில், 2004ஆம் ஆண்டில், இதே மண்டாயில் அவளை இடுப்பில் வைத்துக்கொண்டு பார்த்தேன். பனிக்கரடி வெள்ளையாக அல்லவா இருக்க வேண்டும்? அந்த வருஷம் பச்சையாக இருந்தது! அதன் ரோமம் உள்ளே குழாய் போன்றது. இந்த ஊர் ஈரத்தில் அதற்குள் பாசி பிடித்துவிட்டதாம். பிறகு மருந்து போட்டு வெளுத்தார்கள். இனூக்கா என்று பெயர். 1990 டிசம்பர் 26ஆம் தேதி இங்கேயே பிறந்தது. வெப்ப நாட்டில் பிறந்த முதல் பனிக்கரடி. பனியை ஒரு நாளும் கண்டதில்லை. பின்னாளில் அதற்குக் குளிரூட்டிய புது இடம் கட்டிக் கொடுத்தார்கள். 2018 ஏப்ரலில், 27 வயதில், நோய் முற்றி எழுந்து நடக்க முடியாத நிலையில், மருத்துவர்கள் அதைத் துயிலில் ஆழ்த்தி விடை கொடுத்தார்கள். இனிமேல் பனிக்கரடி கொண்டுவருவதில்லை என்று அதற்கு முன்பே முடிவு செய்திருந்தார்கள். அது நல்ல முடிவு என்றே நினைக்கிறேன். "பாவம், ஊர் மாறி வந்த பிள்ளை" என்றாள் தம்பி மனைவி. "ஊர் மாறி வந்தது அதோட அப்பா அம்மா. அது இங்கேயே பிறந்ததுதான்" என்றான் தம்பி.

மூன்று மணிக்குத் திரும்பிவிட்டோம். பக்கத்திலேயே ஆற்று உயிரினங்களுக்கு ஒரு தனி இடமும், அதில் சீனாவிலிருந்து வந்த பாண்டா ஜோடியும், 2023இல் திறந்த பறவைப் பூங்காவும் இருக்கின்றன. ஒவ்வொன்றுக்கும் தனிச் சீட்டு. ஜூரோங்கில் இருந்த பழைய பறவைப் பூங்கா 2023 ஜனவரியோடு மூடப்பட்டுவிட்டது. பழைய நினைப்பில் அங்கே போய் நிற்காதீர்கள். பாண்டாக்கள் இருக்கும் கூடத்தைக் குளிரூட்டி வைத்திருப்பார்கள். நனைந்த குழந்தையோடு அங்கே போகும் தைரியம் எங்களுக்கு இல்லை.

இரவு பாசிர் ரிஸ்ஸில் எல்லோரும் சுடச்சுட மிளகு ரசம் குடித்தோம். குழந்தை அப்பன் மார்மேல் கவிழ்ந்து தூங்கினாள். இறக்கிப் படுக்க வைத்தால் விழித்துக்கொண்டாள். ஆகவே அவன் சோபாவில் உட்கார்ந்தபடியே தூங்கினான். நான் வேலைப் பேச்சை எடுக்கலாம் என்று இரண்டு முறை வாய் திறந்தேன். என் வீட்டுக்காரர் கண்ணாலேயே "இப்போது வேண்டாம்" என்றார். எனக்கும் அந்த நேரத்தில் பேச்சு வரவில்லை.

விடியற்காலை முதல் ரயிலுக்கு அவர்களைக் கொண்டுபோய் விட்டேன். தம்பி ஏறும் முன்பு, "முடிவு சொல்றேன், அக்கா. அந்த ஆள்கிட்டே ஒரு வாரம் தவணை கேட்டு வை" என்றான். தம்பி மனைவி நீலக் காலுறையைத் துவைத்து, காய்ந்தும் காயாமலும் என் கையில் வைத்து, "அந்த மலாய் அம்மாவை எங்கேயாவது பார்த்தா கொடுத்துடுங்க, அண்ணி" என்றாள். ஐம்பது லட்சம் பேருக்கு மேல் உள்ள ஊரில் எங்கே போய்ப் பார்ப்பது? வாங்கி வைத்துக்கொண்டேன்.

புதன்கிழமை டெலிபோன் வந்தது. குழந்தைக்குச் சளி இல்லை, நன்றாக விளையாடுகிறாள் என்றான். மிருகக்காட்சிசாலையில் என்ன பார்த்தாய் என்று ஆயாக்கொட்டகையில் கேட்டால் "கோயி" என்கிறாளாம். வேலை விஷயம் என்ன ஆயிற்று என்று கேட்டேன். அந்தப் பக்கம் கொஞ்ச நேரம் சத்தமில்லை. பின்னால் மழை பெய்கிற ஓசை கேட்டது. "அக்கா, பாலத்திலே ராத்திரி எட்டு மணிக்குக் கூட்டம் எப்படி இருக்கும்னு மச்சானை ஒரு தடவை பார்த்துச் சொல்லச் சொல்றியா?" என்றான்.

பார்த்துச் சொல்வதாக ஒப்புக்கொண்டேன்.